மைனஸ் முந்நூற்றேழு டிகிரி

எனக்குப் பாட்டு வராது. வேறு எங்கேயாவது பிறந்திருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்துவிட்டதால், பெற்றவர்கள் உரிய வயதிலேயே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டிய ஒரு கோளாறாக அது பேசப்பட்டது.

மற்ற நாட்களில் சமாளித்துவிடலாம். நவராத்திரியில்தான் மாட்டிக்கொள்வோம். கொலு பார்க்கப் போகும் வீட்டில் எல்லாம், சுண்டல் கைக்கு வருவதற்கு முன்னால், "ஒரு பாட்டு பாடேன்டி கொழந்தே" என்று கேட்பார்கள். பட்டுப் பாவாடை கட்டிய பெண் குழந்தை என்றால் பாடியே ஆக வேண்டும். பாடாமல் கொலு பார்த்தால் பொம்மைகளுக்கே மரியாதைக் குறைவு என்பது போல ஒரு நினைப்பு.

எனக்குப் பதினொரு வயதானபோது அத்தை வீட்டுக் கொலுவில் நான் பாடினேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவள் மகள், என்னைவிட இரண்டு வயது பெரியவள், அப்போதே கச்சேரி மாதிரி பாடுவாள். அவள் முடித்த கையோடு நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் யாரோ ஒரு மாமியின் மடியில் இருந்த கைக்குழந்தை வீறிட்டது. "பாவம், அதுக்குத் தூக்கம் வந்துடுத்து போலிருக்கு" என்று அந்த மாமி சமாதானம் சொன்னதுதான் தாமதம், அறையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "எங்காத்துல எல்லாருக்கும் நன்னாப் பாட வரும். இது எங்கேர்ந்து வந்துதோ" என்று மட்டும் சொன்னாள். அம்மா வெற்றிலைப் பாக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த "எங்கேர்ந்து" யாரைச் சுட்டுகிறது என்பது பதினொரு வயதுக்கே புரியும் விஷயம்.

அடுத்த வருடமும் கொலு வருமே என்ற பயம் எனக்குத் தீபாவளி முடிந்ததுமே தொடங்கிவிட்டது. பாட்டு வகுப்பை அம்மா வாரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டாக்கினாள். பாட்டு டீச்சர் நல்லவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சித்தி எங்களோடு இருந்தாள். அம்மாவின் தங்கை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்திருந்தாள், அதாவது முடித்திருக்க வேண்டும். கணிதத்தில் ஒரு பேப்பர் மட்டும் அரியர். அதில் அவளைக் கவிழ்த்தது கலப்பெண்கள் என்கிற ஒரே பாடம். நடந்துகொண்டே உரக்கப் படிப்பது அவள் வழக்கம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் காம்ப்ளெக்ஸ் நம்பர்கள் போய் வந்துகொண்டிருக்கும். அந்த வயதில் நான் மனப்பாடம் செய்ய வேண்டிய கீர்த்தனைகள் எதுவும் என் காதில் தங்கவில்லை. இது தங்கியது.

எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இவ்வளவுதான். ஒரு இடத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். கிழக்கே மூன்று வீடு போ, அங்கிருந்து வடக்கே நாலு வீடு போ என்று சொல்வது ஒரு விதம். அது செவ்வக வடிவம். இந்தப் பக்கம் இவ்வளவு திரும்பி நில், நேரே ஐந்து வீட்டு தூரம் போ என்று சொல்வது இன்னொரு விதம். அது துருவ வடிவம். நடுவில் வீடுகள் இருக்கின்றனவே, சுவரை இடித்துக்கொண்டா போவது என்று கேட்டேன். கணக்கில் வீடுகள் கிடையாது என்றாள் சித்தி. 'ஐ' என்று ஓர் எழுத்து வருகிறதே, அது என்ன என்று கேட்டேன். வடக்குன்னு நெனச்சுக்கோயேன் என்றாள். பிறகு கல்லூரியில் அதற்கு வேறு விளக்கமெல்லாம் படித்தேன். பரீட்சை எழுதும்போது மனதில் வடக்குத்தான் வந்தது.

சித்திக்கு நோட்டில் படம் போட அலுப்பு. எங்கள் கூடத்தில் மொசைக் தரை, ஒரு அடிக்கு ஒரு சதுரம். நடுச் சதுரத்தில் என்னை நிறுத்தி வைத்தாள். வாசல் இருந்த கிழக்குப் பக்கம் பார்த்து நிற்பேன். அவள் ஓர் எண்ணைச் சொல்வாள். நான் சதுரங்களை எண்ணி அது எந்தத் திசையில் விழுகிறது என்று பார்த்து, நின்ற இடத்திலேயே அந்தப் பக்கம் திரும்புவேன். என் மூக்கு எங்கே பார்க்கிறதோ அதுதான் கோணம். சுருக்கமாகச் சொன்னால், நான்தான் அவளுடைய வரைபடம். மூன்றும் நாலும் வந்தால் தூரம் ஐந்து, கோணம் ஐம்பத்து மூன்று. புரட்டிப் போட்டால் முப்பத்தேழு. இரண்டும் சமமானால் நாற்பத்தைந்து. தூரம் பத்து, கோணம் அறுபது என்றால் ஐந்தும் எட்டுப் புள்ளி ஆறு ஆறும். கேட்டுக் கேட்டு எனக்கு இவை எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

ஒரே ஒரு தகராறுதான் வந்தது. கணக்கில் கோணத்தைக் கிழக்கிலிருந்து வடக்காகச் சுற்றி அளக்க வேண்டுமாம். அதாவது இடமாக. நானோ கோயிலில், நவக்கிரகத்தில், அரச மரத்தில், எங்கேயும் வலமாகவே சுற்றிப் பழகியவள். சித்தி எண்ணைச் சொன்னதும் என் கால்கள் தாமாகவே தெற்குப் பக்கம் திரும்பி, மேற்கைத் தாண்டி, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வடக்குக்கு வந்து சேரும். சித்தி தலையில் அடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்து இடமாகத் திருப்பினாள். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? சுவாமி விளக்கு எரியறச்சே கொழந்தைய அப்பிரதட்சிணமா சுத்த விடறே?"

"அக்கா, இது கணக்கு. கணக்குல இப்படித்தான் சுத்தணும்."

"கணக்கு வாத்தியார் அவாத்துல சுத்திக்கட்டும். நம்மாத்துல வேண்டாம்."

சித்தி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அரியர் எழுத இடம் கொடுத்திருக்கும் அக்காவோடு சண்டை போட முடியாது. "சரி, நீ பிரதட்சிணமாவே சுத்திக்கோ. எவ்வளவு சுத்தினியோ அதுக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டுடு. எப்படிச் சுத்தினாலும் நிக்கற இடம் ஒண்ணுதான்" என்றாள். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஐம்பத்து மூன்று டிகிரியாக இருந்தது எங்கள் வீட்டில் மைனஸ் முந்நூற்றேழாக ஆயிற்று.

இன்னொன்றும் நடந்தது. சித்தி கால்குலேட்டரைத் தட்டி ஒரு விடை சொல்வாள்; நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சரியா நில்லுடி என்று அதட்டுவாள். ஒரு நாள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தாள். என் மூக்கு சொன்னதுதான் சரி. சித்தி கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் கையால் வகுத்துப் பார்த்தாள். நாலை மைனஸ் மூன்றால் வகுத்தாலும், மைனஸ் நாலை மூன்றால் வகுத்தாலும் வருவது ஒரே எண். மைனஸ் எதன் தலையில் இருந்தது என்பது வகுத்த பிறகு அந்த மெஷினுக்குத் தெரியாது. எதிரும் புதிருமான இரண்டு திசைகளுக்கு அது ஒரே விடையைத்தான் சொல்லும். நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும், தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று.

நவராத்திரி வந்தது. அத்தை வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. சித்திக்கு அடுத்த வாரம் பரீட்சை, அவள் வரவில்லை. அம்மா ஒரு திட்டம் போட்டிருந்தாள். பாட்டெல்லாம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் போவது, தாம்பூலம் வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவது. வழியில் பூ வாங்க நின்றோம். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பாப்பா மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி கீது? பல்லு புடுங்கவா இட்டுகினு போற?"

"கொலுவுக்கு" என்றாள் அம்மா.

"அதுக்கு இப்டியா! நல்லா சிரிச்சிகினு போ கண்ணு" என்று ஒரு முழப் பூவை என் தலையில் அவளே வைத்துவிட்டாள்.

அம்மாவின் திட்டம் பலிக்கவில்லை. நாங்கள் போனபோது அத்தை மகள் இரண்டாவது பாட்டில்தான் இருந்தாள். கூடம் நிறைய மாமிகள். மேற்குச் சுவரை ஒட்டி ஒன்பது படி கொலு. அதன் வடகோடியில், தரையில், செட்டியார் பொம்மை அரிசியும் பருப்பும் பரப்பிக் கடை வைத்து உட்கார்ந்திருந்தது. வாசல் தென்கிழக்கு மூலையில். நடுவில் ஜமக்காளம், பாடுகிறவர்களுக்கு. பாட்டு முடிந்தது. "இப்போ நீ ஒண்ணு பாடு. ஒரு வருஷமாக் கத்துண்டிருக்கியே" என்றாள் அத்தை. அம்மா, தொண்டை கட்டிண்டிருக்கு என்று ஆரம்பித்தாள். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, நல்ல தெளிவான தொண்டையில், "நான் பாடலை அத்தை. கணக்கு சொல்றேன்" என்றேன்.

கூடம் சிரித்தது. கொலுவுல வாய்ப்பாடா, என்றாள் ஒரு மாமி. சுண்டலுக்குக் கணக்கு கேக்கப் போறா, என்றாள் இன்னொருத்தி. வாய்ப்பாடு இல்லை, காம்ப்ளெக்ஸ் நம்பர் என்றேன். உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், அந்த வார்த்தையைக் கேட்டு எழுந்து வந்தார். மின்சார எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கொலு வைத்திருக்கும் பத்து நாளும் தனக்கு வேலை இல்லாமல் தவிப்பவர். கையில் சயன்டிஃபிக் கால்குலேட்டரோடுதான் வந்தார்.

"சொல்லட்டும், நான் செக் பண்றேன்" என்றார்.

"ஒண்ணு தப்பானாலும் பாடணும்" என்றாள் அத்தை. "மூணு பாட்டு."

நான் ஜமக்காளத்தின் நடுவில் கிழக்கே பார்த்து நின்றேன். அம்மா எங்கே என்று தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை.

"மூணு பிளஸ் நாலு ஜே" என்றார் அத்திம்பேர். ஐ-தானே என்றேன். எங்க டிபார்ட்மென்ட்ல ஜே என்றார். எந்த எழுத்தானாலும் வடக்குத்தான் என்று தைரியப்படுத்திக்கொண்டு வலமாகத் திரும்பினேன். தெற்கு, மேற்கு, கொலு, வடக்கு, அதையும் கொஞ்சம் தாண்டி நின்றேன். பரதநாட்டியம் என்று நினைத்து ஒரு மாமி காலைப் பார்த்தாள்.

"தூரம் அஞ்சு. கோணம் மைனஸ் முந்நூத்தேழு."

"தப்பு. அம்பத்து மூணு" என்றார் அத்திம்பேர். அச்சச்சோ என்றது கூடம். அத்தை சுருதிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"பிரதட்சிணமா வந்தா அப்படித்தான் வரும் அத்திம்பேர்" என்றேன். அவர் உதட்டைக் குவித்துக்கொண்டு முந்நூற்றறுபதிலிருந்து ஏதோ கழித்தார். பிறகு, "சரிதான். யாரும் இப்படிச் சொல்றதில்லை, ஆனா சரிதான்" என்றார். பிரதட்சிணம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமிகள் எல்லோரும் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள். கணக்காவது ஒழுங்காகச் சுற்றுகிறதே என்று ஒரு பேச்சு எழுந்தது.

அத்திம்பேருக்கு இது பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "மைனஸ் மூணு, பிளஸ் நாலு ஜே" என்றார்.

மேற்கே மூன்று, வடக்கே நாலு. மீண்டும் கிழக்கில் தொடங்கி வலமாகத் திரும்பினேன். மேற்கு வரை நூற்றெண்பது. அதற்கு மேல் ஐம்பத்து மூன்று. செட்டியார் பொம்மைக்கு நேராக நின்றேன். "தூரம் அஞ்சு. மைனஸ் எரநூத்து முப்பத்து மூணு."

அவர் பட்டனைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "இல்லை. மைனஸ் அம்பத்து மூணு. இந்தத் தடவை பிரதட்சிணக் கணக்கும் செல்லாது. முந்நூத்தறுபது போட்டுப் பாத்துட்டேன்." கால்குலேட்டரை எல்லோருக்கும் காட்டினார். முன் வரிசை மாமிகள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். "மெஷின் பொய் சொல்லுமாடி? வா, உக்காந்து பாடு" என்றாள் அத்தை. அத்தை மகள் சுருதிப் பெட்டியைப் போட்டேவிட்டாள்.

கைக்குழந்தைக்காரி இந்த வருடமும் வந்திருந்தாள். அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அத்திம்பேர், நீங்க சொன்ன கோணத்துல நீங்களே திரும்பி, அஞ்சு கட்டம் நடந்து பாருங்கோ."

எஞ்சினியர் அல்லவா, சோதனை என்றால் மறுக்க மாட்டார். ஜமக்காளத்தின் நடுவில் வந்து கிழக்கே பார்த்து நின்றார். மைனஸ் என்பதால் வலமாகத் திரும்பினார், ஐம்பத்து மூன்று டிகிரி. தரை டைல்ஸைக் கணக்குப் பண்ணிக்கொண்டு நடந்தார். மாமிகள் புடவையை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஐந்து கட்டம் முடிந்தது. அவர் போய் நின்ற இடம் வாசல்படி, செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால்.

"மேற்கே மூணு, வடக்கே நாலுன்னு கேட்டேளே, அது செட்டியார் கிட்ட இருக்கு" என்று எதிர் மூலையைக் காட்டினேன்.

முதலில் சிரித்தது கைக்குழந்தைக்காரி மாமிதான். பிறகு கூடமே சிரித்தது. "என்ன இது, தட்சிணாமூர்த்தி மாதிரி தெக்கே பாத்துண்டு நின்னுட்டேள்" என்றாள் ஒரு வயதான மாமி, அத்திம்பேருக்கு உறவு போலிருக்கிறது. அவர் செருப்புகளுக்கு நடுவில் நின்றபடியே கொசைன், சைன் எல்லாம் தட்டித் தன் விடையைத் திரும்பச் செவ்வகமாக்கினார். பிளஸ் மூன்று, மைனஸ் நாலு என்று வந்திருக்க வேண்டும். என் விடையையும் மாற்றிப் பார்த்தார். மைனஸ் மூன்று, பிளஸ் நாலு. கால்குலேட்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பேட்டரி வீக்காயிடுத்து" என்றார்.

"பேட்டரி யாருக்கு?" என்றாள் அத்தை. அத்தை என் கட்சிக்கு வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அத்திம்பேர் விடவில்லை, ஆனால் தொனி மாறியிருந்தது. துருவத்திலிருந்து செவ்வகத்துக்கு வா என்றார். பத்து, நூற்றிருபது டிகிரி. நான் இருநூற்று நாற்பது வலமாகச் சுற்றி நின்று, மேற்கே ஐந்து, வடக்கே எட்டுப் புள்ளி ஆறு ஆறு என்றேன். "சபாஷ்!" என்று தொடையைத் தட்டினார், பாட்டுக்குத் தட்டுவது போலவே. மாமிகளும் கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தி தன் ஃபிளாட் நம்பரைச் சொல்லி அதைச் சுற்றச் சொன்னாள். எங்காத்துக்காரர் ஆபீஸ் விட்டு எந்தப் பக்கம் போறார்னு சொல்லேன் என்றாள் இன்னொருத்தி. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். பாவாடை குடையாக விரிந்தது. ஒவ்வொரு விடைக்கும் கை தட்டினார்கள். அத்தை எனக்கு மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்த சீப்பும் ரிப்பனும் கொடுக்கவில்லை. உள்ளே போய் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா எடுத்து வந்து, நிறையச் சுண்டல் போட்டுக் கொடுத்தாள். "எங்காத்துப் பொண்ணு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மிச்ச நவராத்திரி முழுக்க நான் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். போன இடமெல்லாம் பாடு என்று ஒருவரும் சொல்லவில்லை; சுத்து என்றார்கள். பாட்டு வகுப்பை நிறுத்திவிடலாம் என்று அம்மாவே சொன்னாள். சித்தி அரியரைப் பாஸ் செய்தாள். எல்லாக் கணக்கிலும் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன் என்றாள். அந்த வருடத்தில் நான் தொட்டதெல்லாம் துலங்கியது.

ஒன்றே ஒன்றுதான் எனக்குக் குறை. அத்திம்பேர் நடந்து போய் வாசலில் நின்றாரே, அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். கூட்டத்தில் இல்லை, வாசல்படிக்கு வெளியே இருந்தாள். தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையிலும் செருப்பு. ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏம்மா அப்பவே செருப்பை எடுத்துண்டு நின்னே?"

"நாழியாயிடுத்துன்னுதான்" என்றாள்.

நான் ஜெயித்ததைவிட வீட்டுக்குப் போவது அவளுக்குப் பெரிதாகப் போயிற்றே என்று ரோஷம் வந்தது. டப்பாவை நானே தூக்கி வருகிறேன் என்று சொல்லி அவளிடம் கொடுக்காமல், அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அவள் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் அவள் நான்கு வரி சொல்ல வேண்டியிருந்தது. அரங்கத்தில் முன் வரிசையிலேயே இடம் இருந்தது. நான் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். வரி மறந்து அவள் அழுதுவிட்டால் உடனே கூட்டிக்கொண்டு கிளம்ப ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவள் மாற்றுடையும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவள் நாலு வரியையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் சுருங்கியது. ஏம்மா அவ்ளோ தள்ளி உக்காந்தே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். முன்னால் இடம் கிடைக்கவில்லை என்றேன். அவள் நம்பிவிட்டாள்.